செலவழிப்பதும் தேவைப்படுவதும்

கேள்வி: ஏழைக் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? இப்போது செலவழிப்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. கையில் இருப்பதைத்தானே செலவழிப்பார்கள்! அம்மா ராத்திரி பட்டினி கிடந்தால் கணக்கில் அது மிச்சமாகத்தான் தெரியும்.

அதனால் சத்துத் தேவையை முதலில் வைத்து, அதை ஈடுகட்டும் மலிவான உணவுப் பட்டியலுக்கு விலை போடுவது ஒரு வழி. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-ல் இப்படிக் கணக்குப் போட்டபோது, ஓர் ஆணுக்கு 1939 விலையில் வருஷத்துக்கு 39.93 டாலர் போதும் என்று வந்தது. ஆனால் தட்டில் என்ன தெரியுமா? கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த பீன்ஸ், வருஷம் முழுக்க இவ்வளவுதான். யாருக்கும் இதைச் சிபாரிசு செய்யவில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

அப்புறம், மக்கள் வழக்கமாகச் சாப்பிடுவதிலிருந்து ரொம்ப விலகாத பட்டியலாகப் போட ஆரம்பித்தார்கள். சரி, அதிலும் ஓட்டை உண்டு: அடுப்பு எரிபொருள், சமைக்கும் நேரம், மொத்தமாக வாங்கக் காசில்லாமல் சில்லறையாக வாங்குவதால் ஏறும் விலை, இதெல்லாம் பெரும்பாலும் வெளியேதான் நிற்கிறது.