மூங்கில் சிலிக்கா மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. முடி கொட்டுகிறது, முழங்கால் வலிக்கிறது. எலும்புக்கும் முடிக்கும் நல்லது என்று மூங்கிலில் எடுத்த சிலிக்கா மாத்திரையைத் தோழி வாங்கச் சொல்கிறாள். சிலிக்கா என்றால் மணல்தானே, சாப்பிடலாமா?

பதில்: மணலும் சிலிக்காதான் அம்மா. ஆனால் மணல் வயிற்றில் கரையாது, வந்த வழியே போய்விடும். தண்ணீரில் கரைந்து ஆர்த்தோசிலிசிக் அமிலமாக இருப்பதைத்தான் குடல் ஏற்றுக்கொள்ளும். அது குடிநீரிலும், தவிடு நீக்காத தானியங்களிலும், பீன்ஸிலும் நமக்குத் தினமும் கிடைக்கிறது. சிலிக்காவில் உள்ள தனிமம்தான் சிலிக்கான்; அது வாழைப்பழத்தில் நிறைய உண்டு. ஆனால் அதில் உடலில் சேர்வது சுமார் 4 சதவீதம்தான். பீன்ஸில் 40 சதவீதத்துக்கு மேல் சேர்கிறது. அதனால் 'இதில் இத்தனை மில்லிகிராம்' என்ற லேபிளை மட்டும் நம்பாதீர்கள்.

எலும்புக்கு இது தேவை என்ற பேச்சு 1972-இல் எடித் கார்லைல் என்ற ஆய்வாளர் கோழிக்குஞ்சுகளில் செய்த ஆய்விலிருந்து வலுப்பெற்றது. மனிதர்களில், அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் தொடங்கிய நீண்டகால ஆய்வின் ஒரு முடிவு 2004-இல் வெளியானது. உணவில் தினமும் 40 மில்லிகிராமுக்கு மேல் சிலிக்கான் எடுத்தவர்களின் இடுப்பெலும்பு, 14-க்கும் குறைவாக எடுத்தவர்களைவிட அடர்த்தியாக இருந்தது. ஆனால் இந்தத் தொடர்பு ஆண்களிடமும் மாதவிலக்கு நிற்காத பெண்களிடமும்தான் தெரிந்தது. மாதவிலக்கு நின்றவர்களிடம், அதாவது உங்கள் நிலையில் உள்ளவர்களிடம், தெரியவில்லை. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. எனக்கு வருத்தமே அதுதான். தினமும் இவ்வளவு வேண்டும் என்று அமெரிக்க மருத்துவக் கழகமும் 2001-இல் அளவு நிர்ணயிக்கவில்லை.

முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தால் வருவது. எலும்பு அடர்த்தி வேறு விஷயம், அதற்கு டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். முடிக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பாருங்கள். மாத்திரைக்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் இந்தப் பரிசோதனைகளுக்குச் செலவழியுங்கள். வைட்டமின் டி-யும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

கல் குவாரித் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் பயம் இதில் வேண்டாம். அது நுரையீரலுக்குள் போகும் தூசியால் வருவது. சாப்பிடுவதில் கவனிக்க வேண்டியது சிறுநீரகத்தை. உறிஞ்சப்பட்ட சிலிக்கான் அதன் வழியாகத்தான் வெளியேறும். மெக்னீசியம் ட்ரைசிலிகேட் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தை வருடக்கணக்கில் எடுத்த சிலருக்குச் சிறுநீரகத்தில் சிலிக்கா கல்லே உருவாகியிருக்கிறது, அபூர்வம்தான் என்றாலும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உங்கள் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.