பிளஸ் டூ கணிதம் தடுமாறுகிறது: பொறியியலா, பாலிடெக்னிக்கா?

தம்பி, அரையாண்டுத் தேர்வில் கணிதம் 52 வந்ததால் அப்பா பாலிடெக்னிக் போகச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். அதற்காகப் பொறியியல் ஆசையை மூட்டை கட்ட வேண்டாம். பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண் 200இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணிதத்தில் கூடும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் முழுதாகச் சேரும். மற்ற இரண்டில் பாதிதான். உழைப்பைக் கணிதத்தில் கொட்டு.

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்கிறாய். அப்படியானால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உனக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இது தெரியாத அப்பாக்களைத்தான் முகவர்கள் முன்பணம் கேட்டு வளைக்கிறார்கள்.

உன் அப்பா சொல்லும் பாலிடெக்னிக்கும் மட்டமில்லை: பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்துப் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம்.

சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வை. மே மாதத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும்.