காரைக்குடியில் இரண்டு நாள்: டிசைன் தேடலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே ஆரி எம்பிராய்டரி வொர்க் ப்ளவுஸ் போட்டுக் கொடுக்கிறேன். வருமானத்துக்குக் குறையில்லை. ஆனால் கொஞ்ச நாளாக எதைப் போட்டாலும் ஏற்கெனவே போட்டது போலவே இருக்கிறது. மயில், மாங்காய், யானை, தாமரை, மறுபடியும் மயில். வருகிறவர்களும் போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்கிறார்கள். அடுத்த வாரம் காரைக்குடியில் இருக்கும் கல்லூரித் தோழி வீட்டுக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் போய், திங்கள் அதிகாலைப் பல்லவனில் திரும்புகிறேன். புது டிசைனுக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா? பல வருடம் கழித்துப் பார்க்கும் தோழியை விட்டுவிட்டு நோட்டும் கையுமாக அலைந்தால் அவள் தப்பாக நினைத்துக்கொள்வாளோ என்றும் தயக்கமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்

அன்புத் தோழி,

தயக்கத்தை முதலில் தீர்த்துவிடலாம். இன்றைக்கே தோழிக்குப் போன் போட்டு, "எனக்கு டிசைனே தோன்ற மாட்டேன் என்கிறது, ஒரு நாள் காலை உன் ஊரைச் சுற்றிக் காட்டு" என்று கேட்டுவிடுங்கள். தன் ஊரைக் காட்டச் சொன்னால் யாருக்கும் சந்தோஷம்தான். சொல்லாமல் போய், அவர் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் கண் சுவரிலும் தரையிலும் அலைந்தால்தான் மனது நோகும்.

சனிக்கிழமை காலையை, பூப்போட்ட தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்கு ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறைகளில் வேலை நடக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். அங்கே ஒரு பட்டறையில், அவர்கள் அனுமதித்தால், ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். கீழே ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் பூவும் கொடியுமாக அறை அறையாகப் பிரித்த உலோக அச்சு. ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ண சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். அதன்மேல் மணலும் சிமென்டும் கலந்த உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் பூசி மட்டப்படுத்துவார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. சூளையே கிடையாது. அந்த வழவழப்பு, கண்ணாடியின் மேல் படிந்து இறுகியதால் வருவது. அச்சே இல்லாமல் கையாலேயே பூப் போடுகிறவர்களும் உண்டு. அப்படி ஒருவர் அன்றைக்கு வேலை செய்தால் அவர் கையை மட்டும் பாருங்கள்.

இதில் உங்களுக்கு வேண்டியது இரண்டு விஷயம். முதலாவது வண்ணம். ஒவ்வொரு வண்ணத்தையும் தனியாகக் கலந்து தனியாக ஊற்ற வேண்டும் என்பதால், ஒரு கல்லில் மூன்று நான்கு வண்ணத்துக்கு மேல் பெரும்பாலும் இருக்காது. நம் ப்ளவுஸ்களிலோ ஜர்தோசி, சுகர் பீட்ஸ், குந்தன், ஸ்டோன் என்று கையில் இருப்பதெல்லாம் ஏறிவிடுகிறது. இரண்டாவது, அதைவிட முக்கியமானது, கற்களின் சேர்க்கை. பல டிசைன்களில் ஒரு கல்லின் மூலையில் பூவின் கால் பங்குதான் இருக்கும். நான்கு கற்களைத் திருப்பித் திருப்பிப் பதித்தால்தான் பூ முழுதாகும். நாம் பின் கழுத்துக்கு என்ன செய்கிறோம்? டிரேசிங் பேப்பரை இரண்டாக மடித்து ஒரு பக்கம் வரைந்து, மறு பக்கத்துக்கு அப்படியே எடுத்துவிடுகிறோம். இடமும் வலமும் கண்ணாடி பார்த்தது போல இருக்கும். எந்தப் பறவையைப் போட்டாலும் எதிரெதிரே இரண்டு பறவையாகவே முடிவது அதனால்தான். உங்கள் அலுப்புக்குப் பெரிய காரணம் அந்த மடிப்பு என்று நினைக்கிறேன்.

அதனால் போட்டோவைக் குறைத்துக்கொள்ளுங்கள். முடிந்த வேலையின் படத்தைப் பார்த்தால் அதையே திரும்பப் போடத்தான் கை போகும். ஒரே ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்துப் பென்சிலால் வரையுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. எந்தக் கோடு மூலையில் போய் நிற்கிறது, பக்கத்துக் கல்லில் எங்கே தொடர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைந்தால்தான் அது கைக்குப் பிடிபடும்.

பெரிய வீடுகளைப் பார்க்கும் ஆசை இருந்தால் கானாடுகாத்தான் போய் வாருங்கள். பல வீடுகள் பூட்டியிருக்கும், சிலவற்றில் கட்டணம் கொடுத்து உள்ளே போகலாம். குடும்பத்தார் புழங்கும் வீடு என்றால் கேட்காமல் கேமராவை எடுக்காதீர்கள். பர்மா தேக்குத் தூண்களும் இத்தாலிப் பளிங்கும் பிரமிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு நாளில் அவ்வளவையும் பார்த்தால் மண்டையில் ஒன்றும் தங்காது. பழம்பொருள் கடைத் தெருவும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருங்கள். தோழி வீட்டில் பெரியவர்கள் இருந்தால், பீரோவில் இருக்கும் பழைய கண்டாங்கியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. கட்டமும் கோடும்தான், பூ வேலை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அரக்கு, மஞ்சள், கறுப்பு என அழுத்தமான நிறங்களைப் பயமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அந்தச் சேலையை எப்போது வாங்கினார்கள், எந்த விசேஷத்துக்குக் கட்டினார்கள் என்று கேளுங்கள். அந்தப் பேச்சில் தோழியும் உட்கார்ந்திருப்பார், நீங்கள் எதையும் விட்டுவிட்டு அலைந்ததாக இருக்காது. பனையோலையில் பின்னிய கொட்டான் கூடை வீட்டில் இருந்தால் அதையும் கையில் எடுத்து, ஓலை எதன் மேலே ஏறி எதன் கீழே போகிறது என்று பாருங்கள். கைப் பட்டைக்கு அந்தக் குறுக்குப் பின்னலை இரண்டு நிற நூலில் சங்கிலித் தையலாகவே கொண்டுவரலாம், மணியே வேண்டாம்.

ஊர் திரும்பியதும் ஆர்டர் துணியில் கை வைக்காதீர்கள். மிச்சத் துணியை ஃப்ரேமில் மாட்டி, அந்த ஒரு கல்லை நான்கு முறை திருப்பி டிரேஸ் எடுத்து, மூன்றே நிறத்தில் போட்டுப் பாருங்கள். முதலில் தட்டையாகத் தெரியும். ஓரக்கோட்டுக்கு மட்டும் ஜரி கொடுத்து உள்ளே நூலால் நிரப்பினால் எழுந்து நிற்கும் என்பது என் எண்ணம். பிடித்திருந்தால் உங்களுக்கென்று ஒரு ப்ளவுஸில் போட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போங்கள். போனில் படம் காட்டுகிறவர்கள் மாறுவதற்கு அதுதான் வழி. கண்ணால் பார்க்காத டிசைனை யாரும் நம்பி ஆர்டர் கொடுக்க மாட்டார்கள், பார்த்துவிட்டால் அவர்களே கேட்பார்கள். அப்போது விலை சொல்லும்போது வரைந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்துப் போடும் வேலைக்கும் இதற்கும் ஒரே கூலி வாங்காதீர்கள்.