அப்டேட் ஆனதும் ஆஃபீஸ் ஃபோன் சர்வரில் நான் எழுதிய கான்ஃபிக் வரிகளைக் காணோம். ஏன்?

ஃப்ரீபிபிஎக்ஸ் (ஆஃபீஸ் ஃபோன்களை வெப் பக்கத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) சர்வர், ராத்திரி தானாக அப்டேட் ஆகியிருக்கிறது, காலையில் டயல்பிளானில் (எந்த அழைப்பு எங்கே போக வேண்டும் என்ற விதிகளில்) கையால் சேர்த்த வரிகளைக் காணோம் என்கிறீர்கள். பெரும்பாலும் இது அப்டேட் அழித்ததே இல்லை.

எக்ஸ்டென்ஷன் (உள் எண்), டிரங்க் (வெளி இணைப்பு), ஐவிஆர் ('ஒன்றை அழுத்தவும்' குரல் மெனு) எல்லாவற்றுக்கும் மூலம் ஃப்ரீபிபிஎக்ஸின் டேட்டாபேஸ்தான். அடியில் அழைப்புகளைக் கையாளும் மென்பொருளான ஆஸ்டரிஸ்க் படிக்கும் கான்ஃபிக் கோப்புகளில் பெரும்பாலானவை அதிலிருந்து எழுதிப் போட்ட நகல். 'அப்ளை கான்ஃபிக்' அழுத்தும்போதெல்லாம், அப்டேட்டுக்குப் பின் ரீலோட் ஆகும்போதும், அவை முழுசாகத் திரும்ப எழுதப்படும். வாசல் கோலம் மாதிரி: நேற்று ஓரத்தில் நீங்கள் சேர்த்த புள்ளி இன்றைக்கு இருக்காது. அந்தக் கோப்பைத் திறந்தால் தலைப்பிலேயே, அரைப்புள்ளியில் தொடங்கும் வரிகளில், 'இது தானாக உருவாகும் கோப்பு, திருத்தாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை இருக்கும்.

சொந்த வரிகளுக்கு அதே ஃபோல்டரில் 'கஸ்டம்' என்று பெயர் வரும் கோப்புகள் தனியாக உண்டு. ரீலோட் அவற்றைத் தொடாது. தானாக உருவான பகுதிகளுக்குப் பதிலாக உங்களுடையதை வைக்க 'ஓவர்ரைடு' கோப்பும் இருக்கிறது. ஆனால் ஒரு கான்டெக்ஸ்ட்டை (டயல்பிளானின் ஒரு பகுதியை) அங்கே நகலெடுத்து மாற்றினால், அந்தப் பகுதிக்குப் பிற்பாடு வரும் திருத்தங்கள் உங்களுக்குக் கிடைக்காது. வேறு வழியே இல்லை என்றால் மட்டும் கை வையுங்கள்.

அப்டேட் நிஜமாகவே கோப்பை மாற்றிவிடுவதும் உண்டு. ஆர்பிஎம் சிஸ்டங்களில் (ரெட்ஹாட் வகை லினக்ஸ்) பேக்கேஜ் செய்தவர் கோப்புக்கு 'நோரீப்ளேஸ்' (மாற்றாதே) என்று குறித்திருந்தால் உங்கள் கோப்பு தப்பிக்கும். குறிக்காவிட்டால் புதுசு அந்த இடத்தில் உட்கார, உங்களுடையது 'ஆர்பிஎம்சேவ்' வாலோடு பக்கத்தில் கிடக்கும். டெபியன் வகை லினக்ஸில் 'டிபிகேஜி-ஓல்ட்' என்று முடியும் கோப்பைத் தேடுங்கள். ஆஸ்டரிஸ்க்கை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து, மாதிரி கான்ஃபிக் கோப்புகளைப் போடும் 'மேக் சாம்பிள்ஸ்' கட்டளை கொடுத்தவர்களுக்கும் இதே கதிதான்.

இன்னொன்று, எல்லோரையும் குழப்புவது: கோப்பு பத்திரமாக இருக்கும், படிக்க ஆள் இருக்காது. 2023-இல் வந்த ஆஸ்டரிஸ்க் 21-இல் பழைய சிப் (இணையவழி ஃபோன் அழைப்புக்கான நெறிமுறை) டிரைவரையே எடுத்துவிட்டார்கள். அப்டேட்டில் அந்த வெர்ஷனுக்குத் தாண்டினால் பழைய சிப் கோப்பில் என்ன எழுதியிருந்தாலும் பலனில்லை. அதன் இடத்தில் வந்த புது டிரைவரான பிஜேசிப்புக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

இப்போதைக்கு வேறு எதையும் அழுத்தாமல் ஆஸ்டரிஸ்க் ஃபோல்டர் மொத்தத்தையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். பேக்கப் மாட்யூல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் பழைய வரிகள் அதில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இனிமேல் அப்டேட் தானாக ஏறாமல் தகவல் மட்டும் வரும்படி வையுங்கள். ஆஃபீஸ் மூடிய பிறகு நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். கூடவே 'ஈடிசிகீப்பர்' நிறுவினால் ஒவ்வொரு பேக்கேஜ் மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் கான்ஃபிக், மாற்றங்களைக் குறித்துவைக்கும் 'கிட்' (git) கருவியில் பதிவாகிவிடும். எந்த வரி எப்போது போனது என்று நேராகப் பார்க்கலாம்.

கோப்பை ரூட்டாக நகலெடுத்துத் திரும்பப் போட்டால் ஓனர் மாறிவிடும். ஓனரைச் சரிசெய்யும் 'எஃப்டபிள்யூ கன்சோல் சௌன்' (fwconsole chown) கட்டளையை ஓட்டிவிட்டு ரீலோட் கொடுங்கள்.