உயில் லாக்கரில், நாய் திண்ணையில்

நாய் வளர்ப்பவர்களிடமிருந்து உயில் பற்றிச் சில கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை பதில் அவர்களுக்கு மட்டும்.

எனக்கு 71 வயது. பிள்ளைகள் இல்லை. சிப்பிப்பாறை நாய் ஒன்று, தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை இரண்டு. வீட்டை இவற்றின் பெயருக்கே எழுத முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

முடியாது ஐயா. நம் சட்டத்தின் கண்ணில் நாயே ஒரு சொத்துதான். அது இன்னொரு சொத்தை வாங்கிக்கொள்ள முடியாது. 2007-இல் இறந்த நியூயார்க் ஹோட்டல் முதலாளி லியோனா ஹெல்ம்ஸ்லி தன் மால்டீஸ் நாய்க்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கினார். அங்கேயே அதை டிரஸ்ட் வழியாகத்தான் செய்ய முடிந்தது. பிறகு கோர்ட் அதை 20 லட்சமாகக் குறைத்தும்விட்டது.

நாய்களைப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒருவரிடம் முதலில் வாய்விட்டுக் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். நாய்களும் அவற்றின் செலவுக்கான தொகையும் அவருக்கு, வீடு விலங்கு நல அமைப்புக்கு என்று எழுதலாம்.

ஆனால் உயிலை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். என்னிடம் உயில் எழுதிய ஓர் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். நாய் யாருக்கு, பணம் எவ்வளவு, எல்லாம் அதில் தெளிவாக இருந்தது. உயில் இருந்ததோ பேங்க் லாக்கரில். அதைத் திறக்க ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை அந்தக் கிழட்டு நாய் திண்ணையிலேயே கிடந்து, பக்கத்து வீட்டார் வைத்த தயிர்சாதத்தில் பிழைத்தது. நகல் ஒன்றை வெளியே வைக்கச் சொல்லாதது என் தப்பு. இப்போதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டச் சொல்கிறேன்: யாருக்கு போன் செய்வது, நாய் என்ன சாப்பிடும், ஊசிப் புத்தகம் எங்கே, எந்த டாக்டர். கூடவே மூன்று மாதச் செலவுக்கான பணம், நாயைப் பார்த்துக்கொள்பவரோடு சேர்ந்து தொடங்கிய ‘எய்தர் ஆர் சர்வைவர்’ கணக்கில், அதாவது இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் போனாலும் மற்றவர் எடுக்கலாம் என்கிற கூட்டுக் கணக்கில்.

‘புளூ கிராஸுக்கு 5 லட்சம்’ என்று எழுதினால் போதுமா?
– வாசகி, தாம்பரம்

எந்த புளூ கிராஸ்? கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கிய விலங்கு நல அமைப்பு ஒன்று. ஹைதராபாத்தில் நடிகை அமலா தொடங்கியது வேறு அமைப்பு. பெயர் குழம்பினால் வழக்குப் போட அண்ணன் பிள்ளைகளுக்கு அதுவே போதும். பதிவான முழுப்பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் எழுதுங்கள். அந்த அமைப்பு மூடப்பட்டிருந்தால் அதே வேலை செய்யும் வேறொன்றை உயிலை நிறைவேற்றுபவர் தேர்ந்தெடுக்கலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். ‘என் பெயரில் கூண்டு கட்ட வேண்டும்’ போன்ற நிபந்தனைகள் வேண்டாமே. தெருநாய்க்குக் கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் செய்கிற நன்மையைக் கல்வெட்டு செய்யாது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். தர்மத்துக்கு எழுதும் உயில், சாவுக்கு ஓராண்டு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறார் மைத்துனர்.
– தூத்துக்குடி வாசகர்

மைத்துனர் சொல்வது பழைய கதை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு அப்படித்தான் சொன்னது. கேரளப் பாதிரியார் ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில், 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. முஸ்லிம் வாசகர்களுக்கு வேறு கணக்கு: வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

முத்திரைத்தாள் வேண்டுமா? வரிவிலக்கு உண்டா?
– சேலம் வாசகர்

முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். சாட்சிகள் இருவர் வேண்டும். அமைப்பின் ஆட்களைச் சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை, தர்மத்துக்கு எழுதுகிற உயிலென்றால் பதிவு செய்துவிடுங்கள் என்பேன். உயில் வழியாகப் போகும் பணத்துக்கு உங்களுக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்று பழகிய பெயர்) கிடையாது. சலுகை வேண்டுமென்றால் இருக்கும்போதே கொடுங்கள், பழைய வரி முறையில் இருந்தால். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கணக்கில் வராது. செக்காகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.