கலைச் சேகரிப்பாளர் பெயரில் வந்த விலையுயர்ந்த பேனா பரிசாகக் கிடைத்திருக்கிறது. எழுதலாமா, பெட்டியிலேயே வைக்கலாமா?

தாராளமாக எழுதுங்கள். பூட்டி வைத்தால் பின்னாளில் நல்ல விலைக்குப் போகும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

நான் கீழக்கரைக்காரன். துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்), வாப்பாவுக்கு (அப்பாவுக்கு) ஒரு மோன்ட்பிளாங்க் பேனா வாங்கி வந்தார். கலைப் புரவலர்கள் பெயரில் 1992 முதல் அந்தக் கம்பெனி வெளியிடும் வரிசையில், 2016-இல் அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம் பெயரில் வந்தது. விலை லட்சத்தைத் தாண்டும். 'காசு இருந்தால் எதுவும் பேசலாம்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். வாப்பா ஆயுசு முழுக்கக் கருவாட்டு மண்டியில் கணக்கு எழுதியவர். நல்ல பேனா பிடிக்க அவரைவிட யாருக்குத் தகுதி இருக்கிறது?

அந்த அம்மாவைப் பற்றித் தேடிப் படித்தேன். தகப்பனார் 1912-இல் டைட்டானிக் கப்பலோடு போனவர். ஓவியர் ஜாக்சன் பொல்லாக் பேர் வாங்காத காலத்திலேயே அவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்து வரைய விட்டவர் இவர். வாங்கிய ஓவியங்களையும் பூட்டி வைக்கவில்லை. வெனிஸில் கால்வாய்க்கரையில் தான் குடியிருந்த மாளிகையை 1951 முதல் திறந்துவிட்டு, வருகிறவர்களைப் பார்க்க விட்டார். அவர் பெயர் போட்ட பேனாவைப் பெட்டிக்குள் போடுவது எந்த ஊர் நியாயம்? உமறுப் புலவரை ஆதரித்த எங்கள் ஊர் வள்ளல் சீதக்காதி பெயரில் ஒரு பேனா வந்தால் முதல் ஆளாக வாங்குவேன், அதிலும் மை ஊற்றித்தான் எழுதுவேன்.

நீங்களும் கடற்கரைப் பக்கம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். நிப் 18 கேரட் தங்கம், உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. போர்வெல் தண்ணீர்தான் எமன். அதில் கழுவினால் நிப்புக்கு அடியில் மை இறங்கும் பள்ளங்களில் உப்புப் படிந்துவிடும். வாப்பா கிண்ணத்தில் குடிதண்ணீர் வைத்து, பேனாவின் பின்பக்கத்தைத் திருகி இழுத்து இழுத்து விடுவார், தண்ணீர் தெளிவாக வரும்வரை. அப்புறம் பழைய கைலித் துணியில் நிப்பை ஒற்றி எடுத்து, நாட்காட்டித் தாளின் பின்னால் பிஸ்மி எழுதிப் பார்ப்பார். மை ஊற்றி வாரக்கணக்கில் சும்மா போட்டால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வெளியூர் போகும்போது மையை எடுத்துவிட்டு வையுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். வாப்பா ஒரு வங்கியில் பணம் எடுக்கப் போனபோது, கவுண்டரில் கயிறு கட்டிக் கிடந்த பால்பாயிண்ட் பேனாவில்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போட்டார், ஒத்துப்போகவில்லை. உடனே கைநாட்டு வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நீட்டினார்கள், காலமெல்லாம் எழுதியே பிழைத்த மனிதரிடம்! வாப்பா அதைத் தள்ளிவிட்டுத் தன் பேனாவை எடுத்துப் போட்டுக் காட்டினார். அச்சு அசலாகப் பொருந்தியது. வாய் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. வயசானவர்களை இப்படி நடத்துவது பற்றி யாராவது கேட்டால் அதற்கும் விரிவாக எழுதுகிறேன்.