ஒன்றரைச் சுற்றுக் காக்ளியா: ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. ஸ்கேனில் ‘மாண்டினி’ என்ற உள்செவிக் குறைபாடு, காக்ளியா (நத்தை ஓடு போலச் சுருண்ட கேட்கும் உறுப்பு) ஒன்றரைச் சுற்றுதான் என்று வந்திருக்கிறது. காக்ளியர் இம்ப்ளான்ட் (செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) வைக்கும்போது மூளை நீர் பீறிட்டு வரலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செவி நரம்பு இருந்தால் தாராளமாகச் செய்யலாம். சாதாரணக் காக்ளியா இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மாண்டினியில் அடிச்சுற்று ஒழுங்காகவே அமைந்திருக்கும். அதற்கு மேலுள்ள சுற்றுகள்தான் ஒன்றோடொன்று கலந்து சின்னப் பை போலாகிவிடும். கருவியிலிருந்து காக்ளியாவுக்குள் போகும் மெல்லிய கம்பியான எலக்ட்ரோடின் பெரும்பகுதி உட்காருவது அடிச்சுற்றில். அதனால் இந்தக் குழந்தைகள் பலர் நன்றாகவே பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

சுற்றுக் கணக்கைவிட நரம்பைப் பற்றிக் கேளுங்கள். சிடி ஸ்கேனில் எலும்புதான் தெளிவாகத் தெரியும். நரம்பைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும். உள்செவிக் குழாயின் (இந்த நரம்புகள் மூளைக்குப் போகும் எலும்புப் பாதை) குறுக்குவெட்டுப் படத்தில் நான்கு புள்ளிகள் தெரிய வேண்டும்: முக நரம்பு, செவி நரம்பு, சமநிலை நரம்புகள் இரண்டு. செவி நரம்பின் புள்ளி இரண்டு பக்கமும் அறவே இல்லையென்றால் மூளைத்தண்டையே நேராகத் தூண்டும் மூளைத்தண்டு இம்ப்ளான்ட் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

இனி நீர் விஷயம். காக்ளியாவுக்கும் உள்செவிக் குழாய்க்கும் நடுவே உள்ள எலும்புத் தடுப்பு குறைபட்டிருந்தால், எலக்ட்ரோடுக்காகக் காக்ளியாவில் துளை போட்டதும் தெளிந்த மூளை நீர் நாடித்துடிப்போடு பொங்கி நடுச்செவியை நிறைக்கும். அப்போது அவசரப்படக் கூடாது. மேசையின் தலைமாட்டை உயர்த்தி, தேவைப்பட்டால் மானிட்டால் (மூளை நீரின் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து) கொடுத்து, வேகம் தணியும்வரை காத்திருக்க வேண்டும். எலக்ட்ரோடைச் செலுத்தியபின், அதைச் சுற்றிலும் தசைத் துணுக்குகளைச் சிறிது சிறிதாகத் திணித்து அடைப்பார்கள். துளை மிகச் சிறியதாக இருந்தால் தசை உள்ளே இறங்காமல் மேலோடு ஒட்டி நிற்கும், கசிவு நிற்காது. பின்னாளில் மூளைக்காய்ச்சல் வருவது இந்தக் கசிவு வழியாகத்தான். ஆகவே நிமோகாக்கல் தடுப்பூசியை ஆபரேஷனுக்கு இரண்டு வாரமாவது முன்னதாக முடித்துவிடுங்கள். வீடு திரும்பியபின் குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சர்ஜனிடம் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். முக நரம்புக்கு மானிட்டர் (கருவி நரம்பை நெருங்கினால் முகத்தசை அசைவைக் கொண்டு எச்சரிக்கும் சாதனம்) வைப்பீர்களா? உள்செவி கோணலாக இருக்கும் காதில் முக நரம்பும் வழக்கமான பாதையில் ஓடாமல் இருக்கலாம். மானிட்டர் வேலை செய்ய, மயக்க மருத்துவர் தசைத் தளர்வு மருந்தை நீட்டிக்காமல் இருக்க வேண்டும். இரண்டு பேரும் முன்பே பேசிக்கொண்டால்தான் அது நடக்கும். தையல் போடுமுன் எக்ஸ்ரே எடுப்பீர்களா? தடுப்பெலும்பு இல்லாத இடத்தில் எலக்ட்ரோடு வழுக்கி உள்செவிக் குழாய்க்குள் போய்விடக்கூடும். மேசையிலேயே தெரிந்தால் அப்போதே எடுத்துத் திரும்பப் பொருத்தலாம்.

கேள்வி: மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு ஐந்து வயது மகனுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இதில் நாள் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. தொற்று உள்செவிக்குள் பரவியிருந்தால் சில வாரங்களிலேயே காக்ளியாவுக்குள் நார்த்திசு வளர ஆரம்பிக்கும், பிறகு அது எலும்பாக இறுகும். சிடியில் எலும்பு தெரியும்போது தாமதமாகிவிட்டது என்று பொருள்; எம்ஆர்ஐ முன்கூட்டியே காட்டிவிடும். உடனே கேட்புச் சோதனையும் எம்ஆர்ஐயும் எடுங்கள். திரவம் மிச்சமிருக்கும்போதே பொருத்தினால் எலக்ட்ரோடு முழு நீளமும் உள்ளே போகும். இறுகியபின் எலும்பைக் குடைந்து வழி உண்டாக்க வேண்டும். பாதி எலக்ட்ரோடுகூட உள்ளே போகாமல் நின்றுவிடலாம்.